கட்டிங் மாஸ்டர் தடி வாங்கிய கதை

என் அக்கா வீட்டுக்காரருக்கு எதையும் அளவோடு செய்யத் தெரியாது. இப்படிச் சொன்னால் அவரைத் தெரிந்தவர்கள் என்னை அடிக்க வருவார்கள். ஏனென்றால் அவர் கட்டிங் மாஸ்டர். கோட்டும் கால்சட்டையும் தைக்கிற கடையில், நீள மேஜைக்குப் பின்னால் கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு நின்றபடியே பாதி ஆயுளைக் கழித்தவர். அவர் எடுத்த அளவு ஒரு நூல் பிசகாது. அது உண்மைதான். ஆனால் வெட்டும்போது அந்த அளவுக்கு மேல் இரண்டு அங்குலம் விட்டுத்தான் வெட்டுவார். கால்சட்டையின் அடியில் உள்ளே மடிந்து கிடக்கிற துணி, இடுப்புக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் ஒளிந்திருக்கிற துணி, எல்லாம் அந்த இரண்டு அங்குலம்தான்.

"ஆள் பெருப்பான், துணி சுருங்கும். கூட இருந்தா உள்ள மடிச்சுக்கலாம். குறைஞ்சுட்டா என்ன பண்றது, என் தோலை உரிச்சா ஒட்டறது?" என்பார்.

துணிக்கு அது சரி. வாழ்க்கை முழுவதற்கும் அதையே வைத்துக்கொண்டால் கூட இருப்பவர்கள் பாடு திண்டாட்டம். பத்து மணி ரயிலுக்கு எட்டு மணிக்கே எங்களைக் கிளப்பிக்கொண்டு போய் பிளாட்பாரத்தில் உட்காரவைப்பார். செருப்பு ஒரு அளவு பெரிதாக வாங்குவார். அவர் வைத்திருக்கும் குடைக்குள் ஒரு குடும்பமே குடித்தனம் நடத்தலாம். நான் அவருக்கு 'உள்மடிப்பு' என்று பேர் வைத்தேன். அத்தான் கோபித்துக்கொள்ளவில்லை. "அந்த மடிப்புலதான்டா உன் அக்கா காலம் ஓடுது" என்று சிரித்தார். கடையில் அக்காவும் தைக்கிறாள். அவர் வெட்டிப்போட, அவள் மூட்டுவாள். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் அவர்கள் குடும்பம் நடக்கிற விதம்.

ஆறு நாள் மேஜை மேல் குனிந்து நிற்கிற முதுகுக்கு ஏழாவது நாள் நிமிர வேண்டும். அதனால் ஞாயிறு காலை அத்தான் மலைக்குப் போவார். மலை என்றால் ஊருக்குப் பின்னால் இருக்கிற மலைதான், மேகத்தை முட்டுகிற மலை இல்லை. சரளைக்கல் பாதை, நடுவில் ஒரு செங்குத்து, உச்சியில் தட்டையான ஒரு பாறை. அங்கே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் அடுத்த ஆறு நாளும் மனிதர் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிற நான், உட்கார்ந்தே தொப்பை வளர்க்கிறவன் என்பதால், என்னையும் இழுத்துக்கொண்டு போவார். நான் முணுமுணுத்துக்கொண்டே போவேன்.

அப்படிப் போன ஒரு ஞாயிறு, இறக்கத்தில் சரளை வழுக்கி அத்தான் விழுந்தார். இடது முட்டியின் ஜவ்வு கிழிந்தது. கட்டு, மாத்திரை, முக்காலியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தே துணி வெட்டுகிற கூத்து என்று ஒரு பருவம் போயிற்று. கடைசியில் டாக்டர் நடக்கலாம் என்றார். "மலை?" என்று அத்தான் கேட்டார். "ஏறலாம். ஆனா கையில ஒரு தடி இருக்கணும்" என்றார் டாக்டர்.

தடி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அத்தானுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"தடி ஊன்றிட்டுப் போனா கிழவன்னு சொல்லுவாங்க" என்றார் வீட்டுக்கு வந்து.

"உருண்டு விழுந்தா மட்டும் குமரன்னு சொல்லுவாங்களா?" என்றாள் அக்கா. "தடி இல்லாம மலைப்பக்கம் காலை வெச்சீங்க, கடைச் சாவியை நான் வாங்கி வெச்சுக்குவேன். தம்பி, நீயே கூட்டிட்டுப் போய் நல்லதா ஒண்ணு வாங்கிக் குடு."

மலையேறுகிறவர்களுக்கான சாமானும் விற்கிற ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனோம். கால் மணி நேர வேலை என்று நினைத்துப் போன எனக்கு அன்று மதியச் சாப்பாடே தள்ளிப்போயிற்று. துணிக் கடையில் துணியைத் தடவிப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு தடியையும் தடவினார், வளைத்தார், முகர்ந்தும் பார்த்தார். அங்கே வேலை செய்கிற பெண்ணுக்கு நல்ல பொறுமை. முதலில் ஒரே துண்டாக இருக்கிற மரத்தடியைக் காட்டினாள். பார்க்க ராஜா மாதிரி இருந்தது. பேருந்தில் எப்படிக் கொண்டுபோவது என்று அவரே கேட்டுவிட்டு அவரே ஓரமாக வைத்தார்.

அடுத்தது ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற மூன்று குழாய்கள். நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அதிலும் இரண்டு வகை இருந்தது. ஒன்றில் குழாயைத் திருகி இறுக்க வேண்டும். இன்னொன்றில் சின்ன நெம்புகோல் மாதிரி ஒரு கிளிப், அதை மடக்கினால் குழாய் பிடித்துக்கொள்ளும். அத்தான் திருகுத்தடியை இறுக்கி, தன் முழுப் பாரத்தையும் அதன் மேல் போட்டார். அது மெல்ல முனகிக்கொண்டு உள்ளே இறங்கியது.

"சரியா இறுக்கலை சார். இன்னும் கொஞ்சம் திருகணும்" என்றாள் அந்தப் பெண்.

"மலை மேல வேர்த்த கையோட எவ்வளவு திருகினேன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? கிளிப்புன்னா மடங்கினது கண்ணுக்குத் தெரியுது" என்று கிளிப் வைத்ததை எடுத்தார். அந்த நியாயத்தை என்னால் மறுக்க முடியவில்லை. பிடியில் ரப்பர் வேண்டாம், தக்கை வைத்ததுதான் வேண்டும், அதுதான் வியர்வையைக் குடிக்கும் என்றார். அடியில் கல்லைக் கவ்வுகிற இரும்பு முனையும், தார் ரோட்டுக்கு அதன் மேல் மாட்டுகிற ரப்பர் குல்லாவும் இருந்தன. எல்லாவற்றையும் கழற்றி மாட்டிப் பார்த்தார். கடைசியில் பழக்க தோஷத்தில், "இது சுருங்குமா?" என்று கேட்டார்.

"சுருக்கறதுக்குத்தானே சார் வாங்குறீங்க?" என்று அவள் சிரித்தாள்.

பிறகு அவரை நேராக நிற்கவைத்து, தடியைப் பாதத்துக்குப் பக்கத்தில் ஊன்றி, முழங்கை 'ட' மாதிரி மடங்குகிற அளவுக்கு நீளத்தை வைத்துக் கிளிப்பை மடக்கினாள். "சமதரைக்கு இதுதான் சார் உங்க அளவு. ஏத்தத்துல கொஞ்சம் குறைச்சுக்கங்க, இறக்கத்துல கொஞ்சம் கூட்டிக்கங்க. பிடியில தொங்குற இந்தக் கை வாருக்குள்ள கீழிருந்து மேலா கையை விட்டுப் பிடிக்கணும். அப்பதான் பாரம் வார்ல விழும், உள்ளங்கையில விழாது" என்று சொல்லிக் கொடுத்தாள். அத்தான் தலையாட்டினார். வாடிக்கையாளர்கள் அவர் பேச்சுக்கு ஆட்டுவார்களே, அதே ஆட்டல்தான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கிளிப்பைத் திறந்து குழாயை இரண்டு அங்குலம் வெளியே இழுத்தார். "எதுக்கும் இருக்கட்டும்" என்றார். அப்புறம் கை வாரைப் பார்த்தார். தொங்குகிற எதுவும் அவர் கண்ணுக்குப் பிடிக்காது. நூல் தொங்கினாலே கத்தரியை எடுக்கிறவர், வாரை விடுவாரா? நறுக்கென்று வெட்டிப் போட்டார். நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கோட்டுக்குக் காலர் வைக்கிறவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது என்று சும்மா இருந்துவிட்டேன்.

தடியைக் கண்டு வெட்கப்பட்ட மனிதருக்கு ஒரே வாரத்தில் அது செல்லப் பிள்ளையாகிவிட்டது. மலைக்கு மட்டும் வாங்கியதை ரப்பர் குல்லா போட்டுக் கடைக்கும் கொண்டுபோக ஆரம்பித்தார். வீட்டிலிருந்து கடை வரை போக வர நல்ல தூரம். வலது கையில் தடியை ஊன்றி, அதன் தலையில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு ராணுவ அதிகாரி மாதிரி நடப்பார். முட்டி பிழைத்துக்கொண்டது. மலையும் மறுபடி ஏறினோம். அக்காவுக்கு நிம்மதி. அந்த நிம்மதியைக் கெடுக்கத்தான் அந்தக் கோட் வந்தது.

ஒரு ஓட்டல்காரருக்குத் தைக்க வேண்டிய கருநீலக் கோட். அத்தான் வெட்டிப் போட்டதை அக்கா மெஷினில் வைத்து மூட்டப் பார்த்தாள். முதுகின் இரண்டு துண்டுகளும் சேரவில்லை. ஒரு ஓரம் நேராக இருக்க, இன்னொரு ஓரம் அலை அடித்தது. துணி நழுவிவிட்டதோ என்று திருப்பிப் பார்த்தாள், இஸ்திரி போட்டுப் பார்த்தாள். அலை அலையாகவே இருந்தது. அவர் வெட்டி அவளுக்குச் சேராமல் போன துண்டு அதுவரை ஒன்றுகூட இல்லை. நல்ல வேளை, அவருடைய இரண்டு அங்குலம் உள்ளே இருந்தது. அதிலிருந்து எடுத்து ஓரத்தை நேராக்கி அக்கா கோட்டைக் காப்பாற்றிவிட்டாள். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் கடைக்கு வந்து உட்கார்ந்து அழுதாள்.

"கையைப் பார்த்தேன்டா. சுண்டு விரலும் பக்கத்து விரலும் கத்தரிக்குள்ள சும்மா தொங்குது. நேத்து சாயங்காலம் டீ கிளாஸை நழுவ விட்டாரு. கேட்டா தூக்கக் கலக்கம்ங்கிறாரு. எனக்கு என்னமோ பயமா இருக்கு."

கால் போனால் முக்காலியில் உட்கார்ந்து வெட்டலாம். வலது கை போன கட்டிங் மாஸ்டர் என்ன செய்வார்? சாயங்காலம் போய் நேரடியாகக் கேட்டேன். மழுப்பிப் பார்த்தார். விடவில்லை. கடைசியில் கையை நீட்டினார்.

"ரெண்டு விரலும் மரத்துப் போச்சு மச்சான். முதல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல. கத்தரி கனமா இருக்கு."

அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு வியாதியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒருவர் கழுத்து எலும்பு தேய்ந்திருக்கும் என்றார். இன்னொருவர் தன் சித்தப்பாவுக்கு இப்படித்தான் விரலில் ஆரம்பித்துப் பாதி உடம்பு விழுந்தது என்று, யாரும் கேட்காமலே, சாவகாசமாக உட்கார்ந்து சொன்னார். அவரை நான்தான் வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். திரும்ப வராத மாதிரி விட்டேன்.

நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் ஒரு அம்மாள், அதிகம் பேசாதவர். சின்னச் சுத்தியலால் தட்டினார், ஊசி முனையால் தொட்டார், கையில் ஒயரை ஒட்டி மெஷினைப் பார்த்தார். அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்து அந்த அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சுவரில் இருந்த எலும்புக்கூடு படத்தைப் பார்த்தேன். அதுவும் எங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

"கழுத்துல ஒண்ணும் இல்ல. மூளையிலயும் ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டர். அக்கா மூச்சு விட்டாள். "உள்ளங்கையோட அடியில ஒரு நரம்பு அழுந்தியிருக்கு. எதையாவது ரொம்ப நேரம் அந்த இடத்துல அழுத்துறீங்களா?"

"கத்தரிதான் டாக்டர். நாள் பூரா கத்தரிதான்" என்றார் அத்தான்.

டாக்டர் யோசித்தார். "அப்படின்னா கத்தரியை நிறுத்தித்தான் பார்க்கணும். ஒரு ஆறு மாசம். அப்பவும் முழுசா திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாது."

அத்தான் "சரிங்க" என்றார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. எழுந்தார். கதவோரம் சாத்தியிருந்த தடியை எடுத்தார். அதன் தலையில் உள்ளங்கையை வைத்து ஊன்றிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

"ஒரு நிமிஷம்" என்றார் டாக்டர். "அப்படியே திரும்பி என்கிட்ட நடந்து வாங்க."

அத்தான் நடந்து வந்தார்.

"இன்னொரு தடவை."

இன்னொரு தடவையும் நடந்தார். டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, ஊன்றிய கையை அப்படியே பிடித்துக்கொண்டார். "தோள் காதுக்கு ஏறுது பாருங்க. மணிக்கட்டு பின்னால ஒடியுது. உடம்புப் பாரம் மொத்தமும் சரியா அந்த நரம்பு மேல இறங்குது. இவ்வளவு நீளமா யார் வெச்சுக் கொடுத்தா? இதுல ஒரு கை வார் இருக்கணுமே, அது எங்க?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் எலும்புக்கூட்டைப் பார்த்தேன்.

"வார் தொங்கிட்டு இருந்துச்சு. வெட்டிட்டேன்" என்றார் அத்தான். "நீளம் கடையில சரியாத்தான் வெச்சாங்க. நான்தான் ஒரு ரெண்டு அங்குலம் விட்டு வெச்சேன்."

"எதுக்கு?"

"எதுக்கும் இருக்கட்டும்னுதான்."

அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு மறுபடி சிரித்தாள். "தடிக்குமா மடிப்பு விடுவாங்க? தடி என்ன பெருக்கவா போகுது?" என்று கேட்டாள். அதிகம் பேசாத டாக்டரும் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அத்தனை நாள் பட்ட கவலைக்கு அவரைக் கையை ஓங்கி ஒரு அடி போடலாம் என்றும் இருந்தது, கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் என்றும் இருந்தது. மரியாதை கருதி இரண்டையும் செய்யவில்லை.

டாக்டரே கிளிப்பைத் திறந்து குழாயை உள்ளே தள்ளி, முழங்கை 'ட' மாதிரி மடங்குகிற இடத்தில் நிறுத்தினார். "கத்தரியைக் கொஞ்ச நாளைக்கு மெதுவா பிடிங்க, நிறுத்த வேண்டாம். வார் இல்லாம இதைத் தொடாதீங்க. அழுத்தம் போனா நரம்பு தானா எழுந்திரிக்கும். நேரம் ஆகும், பதறாதீங்க" என்றார்.

அன்று இரவே அத்தான் பழைய பெல்ட் பட்டையையும் கோட்டின் உள்துணியையும் வைத்து ஒரு கை வார் தைத்தார். கடையில் கொடுத்ததை விட நன்றாக இருந்தது. மணிக்கட்டில் உரசாமல் இருக்க உள்ளே பஞ்சு வைத்திருந்தார். நீளம் மட்டும் சரியாகத் தன் அளவுக்கே வைத்திருந்தார். ஒரு நூல்கூட உபரி இல்லை. பக்கத்தில் அக்கா நின்று காவல் காத்தாள் என்பது வேறு விஷயம்.

பிறகு காத்திருப்பு. தினமும் சாப்பிட்டு முடித்ததும் அக்கா அவரைக் கண்ணை மூடச் சொல்லி, மழுங்கிய ஊசியால் சுண்டு விரலைத் தொடுவாள். "தெரியுதா?" "இல்ல." "இப்ப?" "இல்ல." இப்படியே போயிற்று. எறும்பு ஊர்வது திரும்பி வந்த அன்று இருவரும் எனக்கு போன் செய்தார்கள். மரத்துப்போன விரலில் எறும்பு ஊர்கிறது என்று ஒரு குடும்பம் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. அப்புறம் ஒரு நாள் அவர்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து "ஆ!" என்று ஒரு அலறல் கேட்டது. அக்கா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். "குத்தினா வலிக்குதாம்டா!" என்றாள்.

அடுத்த ஞாயிறு மலைக்குப் போனோம். செங்குத்து ஆரம்பிக்கிற இடத்தில் அத்தான் நின்றார். கிளிப்பைத் திறந்து தடியைக் கொஞ்சம் குறைத்தார். பின்னால் வந்த எனக்கு நிற்க ஒரு சாக்குக் கிடைத்தது. ஏறி முடித்துப் பாறையில் உட்கார்ந்தோம். கீழே ஊர் முழுக்கத் தெரிந்தது. எங்கள் இரண்டு பேர் கடையும் எந்தக் கூரை என்று வழக்கம்போலத் தேடிவிட்டு, வழக்கம்போலக் கண்டுபிடிக்காமல் விட்டோம்.

"மச்சான், ஒண்ணு சொல்றேன். உங்க அக்காகிட்ட போய் ஒப்பிக்காதே" என்றார்.

"சொல்லுங்க அத்தான்."

"விரல் மரத்துப் போன சமயத்துல, இடது கையால வெட்டிப் பழகினேன்."

"எப்ப?"

"உங்க அக்கா மத்தியானம் சாப்பாடு எடுக்க வீட்டுக்குப் போவா இல்ல, அப்ப. பழைய பேப்பர்ல."

"வந்துச்சா?"

"எங்க வருது! கத்தரியே வலது கைக்குச் செஞ்சதாச்சே. ஒரு கோட்டுப் பாக்கெட்டு மூடி வெட்டினேன், எலி கடிச்ச மாதிரி இருந்துச்சு. வெட்டினதை எல்லாம் கசக்கி, அவ வர்றதுக்குள்ள குப்பையில போட்டுடுவேன்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு வலது கையை விரித்து, சுண்டு விரலிலிருந்து ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தார்.

"வேற என்ன வேலை தெரியும் நமக்குன்னு உட்கார்ந்து யோசிச்சேன். ரொம்ப நேரம் யோசிச்சேன். ஒண்ணுமே தோணல மச்சான்" என்றார்.

எதற்கும் இரண்டு அங்குலம் விட்டு வைக்கிற மனிதரிடம் அதற்கு மட்டும் ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. பக்கத்தில் சாத்தியிருந்த தடியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அத்தான் எழுந்தார். இறக்கத்துக்காகத் தடியைக் கொஞ்சம் நீட்டி, கிளிப்பை மடக்கி, ஊன்றிப் பார்த்துக்கொண்டார்.

"வா, இறங்கலாம். நாளைக்கு வெட்டறதுக்கு ஆறு கோட்டுத் துணி வந்து கிடக்கு" என்றார். வேலை கிடக்கிறது என்று ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.